சிகரெட் விலை ஏறிடுச்சு, பீடிக்கு மாறலாமா? நாகலாபுரம் டீக்கடையில் இருந்து ஒரு கணக்கு

காலை ஆறரை மணி. விளாத்திகுளம் வட்டம் நாகலாபுரத்தில் டீக்கடைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். உளுந்துக் காட்டுக்குப் போகிற பெரியவர் பீடியைப் பற்ற வைக்கிறார். சென்னையில் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வந்த இளைஞர் ஒரு சிகரெட் கேட்கிறார். "விலை ஏறிட்டு தம்பி" என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. "அப்போ எனக்கும் ஒரு பீடி குடுங்க அண்ணாச்சி" என்று சிரிப்பு வேறு.

கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் என்று கரிசல் பூமி முழுக்க எந்த டீக்கடையிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நிஜமான ஒரு கேள்வி இருக்கு. சிகரெட் விலை ஏறினால் பலர் யோசிப்பது மூன்று வழிகள்: எண்ணிக்கையைக் குறைப்பது, பீடிக்கு மாறுவது, மொத்தமாக விடுவது. இந்த மூன்றில் எது உடம்புக்கும் பர்ஸுக்கும் உண்மையிலேயே உதவும்?

முதலில், விலை ஏன் ஏறியது?

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய 56வது ஜிஎஸ்டி கவுன்சில் வரி அடுக்குகளை மாற்றி அமைத்தது. சிகரெட், குட்கா, பான் மசாலா போன்றவற்றுக்கு 40 சதவீதம் என்று முடிவானது. ஆனால் புகையிலைப் பொருள்களுக்கு மட்டும் பழைய வரியே கொஞ்ச காலம் தொடரும் என்றும் சொல்லப்பட்டது. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் அதுவரை வசூலாகிக் கொண்டிருந்ததே காரணம்.

டிசம்பரில் நாடாளுமன்றம் மத்திய கலால் சட்டத்தில் திருத்தம் செய்தது. அதன்படி 2026 பிப்ரவரி 1 முதல் இழப்பீட்டு செஸ் போய், 40 சதவீத ஜிஎஸ்டியுடன் தனியாகக் கலால் வரியும் சேர்ந்துகொண்டது. சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து 1,000 சிகரெட்டுக்கு ரூ.2,050 முதல் ரூ.8,500 வரை இந்தக் கலால் வரி. அதாவது ஒரு சிகரெட்டுக்கு சுமார் 2 ரூபாயில் இருந்து எட்டரை ரூபாய் வரை.

பீடி கதை நேர் எதிர். முன்பு 28 சதவீதமாக இருந்த பீடிக்கான ஜிஎஸ்டி இப்போது 18 சதவீதம். பீடி சுற்றும் இலைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

ஒரே டீக்கடை, ஒரே புகையிலை. ஒன்றுக்கு வரி ஏறுது, இன்னொன்றுக்கு இறங்குது. "பீடிக்கு மாறிடலாமே" என்ற யோசனை இங்கே இருந்துதான் கிளம்புகிறது.

பீடி "கொஞ்சம் பரவாயில்லை"யா?

இல்லை. பீடியில் இலை இருக்கு, பேப்பர் இல்லை, கெமிக்கல் இல்லை, அதனால் "நாட்டு சரக்கு" என்று ஒரு நம்பிக்கை கிராமங்களில் பலமாக இருக்கு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை.

ஒரு பீடிக்குள் இருக்கும் புகையிலைத் தூள், சிகரெட்டில் இருப்பதில் கால் பங்கு அளவுதான். ஆனால் பீடிக்கு ஃபில்டர் கிடையாது. இலை சீராக எரியாது, சும்மா விட்டால் அணைந்துவிடும். அதனால் பீடி குடிப்பவர் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. தூள் குறைவு என்ற லாபம் அந்த இழுப்பிலேயே போய்விடுகிறது.

2008இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இந்தியா முழுவதுக்குமான ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பிரபாத் ஜா தலைமையிலான குழு செய்தது. அதன் கணக்குப்படி, சராசரியாக இழக்கும் ஆயுள்:

- சிகரெட் குடிக்கும் ஆண்கள்: சுமார் 10 ஆண்டுகள்
- பீடி குடிக்கும் ஆண்கள்: சுமார் 6 ஆண்டுகள்
- பீடி குடிக்கும் பெண்கள்: சுமார் 8 ஆண்டுகள்

"பத்துக்கு ஆறு பரவாயில்லையே" என்று இதைப் படிக்கக் கூடாது. 70 வயது வரை வாழ வேண்டியவர் 64இல் போகிறார் என்பதுதான் இதற்கு அர்த்தம். பேரன் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வயசு அது.

தமிழ்நாட்டு ஆய்வு சொன்ன அதிர்ச்சி: காசநோய்

புகை என்றாலே புற்றுநோய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பாக்கெட் மேலே இருக்கும் படமும் அதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்னொரு ஆபத்து பெரிதாக இருக்கு.

2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சென்னையைச் சேர்ந்த தொற்றுநோயியல் ஆராய்ச்சியாளர் வி.கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோர் செய்தது. சென்னை நகரத்திலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரங்களைச் சேகரித்து, உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? புகைபிடிக்காதவர்களைவிட, புகைபிடிப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் மரணத்துக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. கிராமப் பக்கம் பெரும்பாலும் பீடிதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். காசநோய்க் கிருமி நம்மில் பலர் உடம்பில் நோயாக மாறாமல் சும்மா கிடக்கும். நுரையீரலின் காவல் செல்கள் அதை அடக்கி வைத்திருக்கும். தினமும் புகை போகும்போது அந்தக் காவல் பலவீனமாகி, தூங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிடுகிறது. "பீடி குடிச்சா இருமல் வரத்தான செய்யும்" என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைத் தள்ளிப்போடுவது இதனால்தான் ஆபத்து. சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

"நான் நாளைக்கு ஒன்னு, ரெண்டுதான்..."

இளைஞர்களிடம் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். பாக்கெட் வாங்குவதில்லை, கடையில் உதிரியாக ஒன்று, ஆபீஸ் டீ பிரேக்கில் ஒன்று, அவ்வளவுதான் என்பார்கள்.

2018இல் 'பிஎம்ஜே' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்குக் கூட, 20 குடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. இருபதில் ஒரு பங்கு ஆபத்துதான் இருக்கும் என்று எதிர்பார்த்தால், கிடைப்பது பாதி.

நுரையீரல் புற்றுநோய் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு குடித்தோம் என்பதைப் பொறுத்து ஏறும். இதயம் அப்படி இல்லை. கொஞ்சம் புகை போனாலே ரத்தம் உறையும் தன்மை கூடும், ரத்தக் குழாயின் உள்சுவர் கெடும். அதனால் எண்ணிக்கையைக் குறைப்பது விடுவதற்கான ஒரு படியாக இருக்கலாம். அங்கேயே நின்றுவிட்டால் இதயத்துக்குப் பெரிய லாபம் இல்லை.

இங்கே ஊர் கணக்கும் ஒன்று இருக்கு. மாரடைப்பு வந்தால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். சென்னையில் இருப்பவருக்கு அரைமணி நேர ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரி. நாகலாபுரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பெரிய இருதய சிகிச்சைக்குத் தூத்துக்குடி, மதுரை, திருநெல்வேலி என்று ஓட வேண்டும். தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன. அது பயண நேரத்தைச் சமாளிக்க உதவும். ஆனால் அந்தப் பயணமே தேவைப்படாமல் இருப்பதுதானே நல்லது?

பர்ஸ் கணக்கு: ரூபாயும் நிமிஷமும்

ஒரு சிகரெட் 20 ரூபாய் என்றே கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாளைக்கு 5 சிகரெட்.

- ஒரு நாள்: ரூ.100
- ஒரு மாதம்: ரூ.3,000
- ஒரு வருஷம்: ரூ.36,500
- 25 வயசில் இருந்து 35 வரை: ரூ.3,65,000

இது வட்டி சேர்க்காத, விலை ஏறாத கணக்கு. கூடவே வாங்கும் டீ, மிட்டாய், வாய் நாற்றத்துக்கான பபிள்கம் எல்லாம் தனி.

இப்போது நேரக் கணக்கு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரு சிகரெட் சராசரியாக 20 நிமிட ஆயுளை எடுத்துக்கொள்கிறது. பிரிட்டன் தரவுகளை வைத்துச் செய்த கணக்கு இது. நாளைக்கு 5 என்றால் 100 நிமிஷம். வருஷத்துக்கு 36,500 நிமிஷம், அதாவது சுமார் 25 நாள். மேலே வந்த ரூபாய் கணக்கும் 36,500தான். ஒவ்வொரு நிமிஷத்தையும் ஒரு ரூபாய் கொடுத்து நாமே விற்கிறோம் என்று சொன்னால் தப்பில்லை. வேடிக்கை என்னவென்றால், பொருளும் போகுது, காசும் நம்ம கையில் இருந்துதான் போகுது.

இன்னொரு விஷயம், டேர்ம் இன்ஷூரன்ஸ். புகைபிடிப்பவருக்கு பிரீமியம் அதிகம். மறைத்து எடுத்தால், பின்னால் குடும்பம் கிளைம் கேட்கும்போது அதுவே சிக்கலாகலாம். ஆயுள் கணக்கை வியாபாரமாகச் செய்பவர்கள் புகையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

"டென்ஷனுக்குத்தான் குடிக்கிறேன்"

நிகோடின் மூளையைத் தொட பத்து, இருபது நொடிகள் போதும். தொட்டதும் ஒரு நிம்மதி. அரைமணி, ஒரு மணி நேரத்தில் அளவு இறங்க ஆரம்பிக்கும். எரிச்சல், படபடப்பு, கவனம் சிதறல் வரும். அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பை அடக்கும். "பார்த்தியா, டென்ஷன் குறைஞ்சிடுச்சு" என்று மனசு சொல்லும்.

ஆனால் அந்த டென்ஷனில் ஒரு பங்கை உண்டாக்கியதே முந்தைய சிகரெட்தான். கடன் கொடுத்தவரே வந்து கொஞ்சம் வட்டியைத் தள்ளுபடி செய்வது மாதிரி. 2014இல் 'பிஎம்ஜே'யில் வெளியான தொகுப்பாய்வு, புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் விடாதவர்களைவிடக் குறைந்ததைக் காட்டியது. முதல் சில வாரம் கஷ்டம்தான். அதைத் தாண்டினால் மனசு லேசாகிறது என்பதுதான் ஆய்வுகள் சொல்வது.

தீப்பெட்டி ஊரில் புகைக்கு எதிராகப் பேசலாமா?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி என்று இந்த வட்டாரமே தீப்பெட்டியால் பேர் வாங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அதுதான் வாராவாரம் கையில் வரும் கூலி. மழை பொய்த்த வருஷத்தில் கரிசல் காட்டைக் காப்பாற்றியதும் அந்தக் கூலிதான். "எல்லாரும் சிகரெட்டை விட்டுட்டா தீப்பெட்டி யார் வாங்குவா?" என்ற கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் தீப்பெட்டித் தொழிலின் சமீபத்திய போராட்டங்களை எடுத்துப் பார்த்தால், எதிரி வேறு எங்கோ இருப்பது தெரியும். மூலப்பொருள் விலை ஏறியதால், 14 வருஷமாக 1 ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாயானது. அடுத்த அடி பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் பல தீப்பெட்டிகளின் விற்பனையைச் சாப்பிட்டுவிடுகிறது என்று உற்பத்தியாளர்கள் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. 2024இல் லைட்டர் உதிரி பாகங்களின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. அடுப்பு, விளக்கு, சாமி கும்பிடுவது, ஏற்றுமதி என்று தீக்குச்சிக்கு வேறு வேலைகளும் இருக்கு. தீப்பெட்டித் தொழிலைக் காப்பாற்றும் பொறுப்பை நுரையீரல் மேல் ஏற்றத் தேவையில்லை.

பீடி விஷயம் இன்னும் சிக்கல். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். பீடிக்கு வரி குறைத்ததற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் அவர்களின் வாழ்வாதாரம்தான். ஆனால் வரி குறைந்தால் சுற்றுக் கூலி ஏறும் என்று எந்த விதியும் இல்லை. பீடி உற்பத்தி மீது பிடித்த செஸ்ஸில்தான் முன்பு தொழிலாளர் நல நிதி ஓடியது. மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு எல்லாம் அதில் இருந்துதான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ் ரத்தானது. தொழிலாளர் நலனுக்கென்றே வந்த அந்த செஸ் பணம் நின்றுவிட்டது, பீடி மட்டும் மலிவாகவே இருக்கு.

இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில், புகையிலைத் தொழிலாளர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் தேடித் தர வேண்டும் என்ற பிரிவும் இருக்கு. பீடிக்கு வரி குறைப்பதைவிட அந்த அம்மாக்களுக்கு வேறு வேலை ஏற்பாடு செய்வதுதான் கடினம். அதனாலேயே அது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கு.

வரியால் மட்டும் வேலை நடக்குமா?

கொஞ்சம் நடக்கும். விலை 10 சதவீதம் ஏறினால், நம்மைப் போன்ற நாடுகளில் நுகர்வு சுமார் 5 சதவீதம் குறையும் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கு. குறிப்பாக, இன்னும் பழகாத கல்லூரிப் பிள்ளைகளை விலை தடுத்து நிறுத்தும். சில்லறை விலையில் குறைந்தது 75 சதவீதம் வரியாக இருக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் அளவுகோல். புதிய வரிக்கு முன் இந்தியாவில் சிகரெட்டுக்கு அது 53 சதவீதம் அளவில்தான் இருந்தது. பீடிக்கு அதைவிட மிகக் குறைவு.

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, பீடி என்ற மலிவான கதவு திறந்தே இருப்பது. இன்னொன்று, உதிரி விற்பனை. பாக்கெட் 200 ரூபாய் என்றால் யோசிப்பவர், ஒற்றை சிகரெட் 20 ரூபாய் என்றால் யோசிக்க மாட்டார். உதிரியாக வாங்கும்போது எச்சரிக்கைப் படமும் கண்ணில் படாது. கர்நாடகம் 2017இலும், மகாராஷ்டிரம் 2020இலும் உதிரி விற்பனைக்குத் தடை போட்டன.

சட்டமும் இருக்கு. 2003இல் வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் காலத்தில், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை அமலுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்ட், சாப்பாட்டுக் கடை, டீக்கடை எல்லாம் இதில் அடங்கும். அபராதம் 200 ரூபாய் வரை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் கடை இருக்கக் கூடாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி: பொது இடங்களில் ஆஷ் ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் போன்ற, புகைபிடிக்க வசதி செய்யும் எதையும் வைக்கவே கூடாது. கடை வாசலில் நூலில் கட்டித் தொங்கும் அந்த லைட்டர் சட்டப்படி தப்பு. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அது தொங்காத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது வேறு விஷயம்.

"அப்போ வேப் பிடிக்கலாமா" என்பவர்களுக்கு: இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாமே 2019 முதல் நாடு முழுக்கத் தடை. முதல் தடவை மாட்டினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விட்டால் என்ன நடக்கும்? எப்போது நடக்கும்?

நல்ல செய்தி இங்கேதான். உடம்பு ரொம்பப் பெருந்தன்மையானது.

- 20 நிமிஷத்தில்: இதயத் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும்
- 12 மணி நேரத்தில்: ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண அளவுக்கு வரும்
- 2 முதல் 12 வாரத்தில்: ரத்த ஓட்டமும் நுரையீரல் செயல்பாடும் மேம்படும்
- 1 முதல் 9 மாதத்தில்: இருமலும் மூச்சிரைப்பும் குறையும்
- 1 வருஷத்தில்: புகைபிடிப்பவரோடு ஒப்பிட்டால் இதய நோய் ஆபத்து பாதியாகும்
- 10 வருஷத்தில்: நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகும்

"வயசாயிட்டு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்று சொல்லும் அப்பா, மாமாக்களுக்கும் பதில் இருக்கு. பிரிட்டன் டாக்டர்களை 1951இல் இருந்து 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வின் முடிவு இது: 60 வயதில் விட்டால் சுமார் 3 ஆண்டுகள், 50இல் 6 ஆண்டுகள், 40இல் 9 ஆண்டுகள், 30இல் விட்டால் சுமார் 10 ஆண்டுகள் ஆயுள் திரும்பக் கிடைக்கும். முப்பதில் விடுபவர் ஏறக்குறைய இழப்பு முழுவதையும் மீட்டுவிடுகிறார். லீவில் ஊருக்கு வந்த அந்த ஐ.டி. தம்பிக்குத்தான் லாபம் அதிகம். ஆனால் பீடி பெரியவருக்கும் கதவு மூடவில்லை.

சரி, எப்படி விடுவது?

யார் உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் 4 சதவீதம் பேர்தான் ஜெயிக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதனால் "மன உறுதி இருந்தா போதும்" என்பது பாதி உண்மைதான். தோற்றுப்போனவர் பலவீனமானவர் இல்லை. ஆயுதம் இல்லாமல் சண்டைக்குப் போனவர், அவ்வளவுதான்.

*ஒரு தேதி குறிங்க:* அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்க. அந்த நாளுக்கு முன்னாடி லைட்டர், பாக்கெட், ஆஷ் ட்ரே எல்லாம் வெளியே போகணும்.

*முதல் மூன்று நாள்:* எரிச்சலும் ஏக்கமும் உச்சத்தில் இருப்பது இப்போதுதான். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷத்தில் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிங்க, நடங்க, யாருக்காவது போன் போடுங்க. வாயில் ஏதாவது போடணும் என்றால், கோவில்பட்டிக்காரர்களுக்கு யோசனையே தேவையில்லை: புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய் பக்கத்தில்தான் இருக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வறுகடலையோடு நிறுத்திக்கங்க.

*டீயையும் புகையையும் பிரிங்க:* பலருக்கு டீ கிளாஸ் கையில் வந்தாலே மறு கை சிகரெட்டைத் தேடும். கொஞ்ச நாளைக்கு வேறு கடை, வேறு நேரம், முடிந்தால் டீக்குப் பதில் மோர்.

*மருந்து வெட்கம் இல்லை:* நிகோடின் கம், பேட்ச், வரெனிக்லின், புப்ரோபியான் போன்றவற்றை உலக சுகாதார அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்துள்ளது. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதய நோய், கர்ப்பம், வலிப்பு, மனநலச் சிகிச்சை இருந்தால் கண்டிப்பாகக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

*எடை ஏறுமா?* ஏறலாம். முதல் வருஷத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. அதைக் குறைக்க வழி இருக்கு. கெட்டுப்போன நுரையீரலை மாற்ற வழி கஷ்டம்.

*மறுபடி ஒன்று குடிச்சிட்டா?* தேதியை மாற்றி மறுபடி ஆரம்பிங்க. விட்டவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் முயற்சியிலேயே விட்டவர்கள் இல்லை.

யாரிடம் கேட்பது?

- தேசிய புகையிலை கைவிடல் உதவி எண்: 1800-11-2356. கட்டணம் கிடையாது. சிகரெட் பாக்கெட் மேலேயே 2018 முதல் இந்த எண் அச்சாகி இருக்கு.
- செல்போன் வழி ஆலோசனைக்கு மிஸ்டு கால்: 011-22901701
- தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104
- பதற்றம், தூக்கமின்மை அதிகமானால் டெலி மானஸ்: 14416
- 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வரும்போது புகைப்பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்க. பிரஷர், சுகரோடு புகையும் சேர்ந்தால் ஆபத்து கூட்டாது, பெருக்கும்.

சுருக்கமா சொன்னா...

சிகரெட்டில் இருந்து பீடிக்கு மாறுவது செலவைக் குறைக்கும், சாவைக் குறைக்காது. பத்தில் இருந்து ஒன்றுக்குக் குறைப்பது நல்ல ஆரம்பம், ஆனால் இதயத்துக்கு அது போதாது. வரி ஏறியது அரசு எடுத்த ஒரு முடிவு. பீடியையும் உதிரி விற்பனையையும் என்ன செய்வது, பீடி சுற்றும் பெண்களுக்கு என்ன வழி என்பது அரசு இன்னும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

டீக்கடையில் நிற்பவர் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சிகரெட் வாங்க எடுக்கும் 20 ரூபாயைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, கையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். கூப்பிட வேண்டிய எண் அதிலேயே இருக்கு.